அட்டை பத்திரம்

சேசு மரி சூசை துணை

களமருதூர்
14.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை ஆனந்தமேரி எழுதுவது. இங்கே மகன் ராபின், மருமகள் டயானா, நான் மூவரும் நலம். நீங்கள் நலமாக மலையேறி வீடு போய்ச் சேர்ந்த விவரத்துக்குக் காத்திருக்கிறேன்.

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனுஷனை இரண்டு நாள்தான் ராபினால் பார்த்துக்கொள்ள முடிந்தது. லீவு கிடைக்காமல் திரும்பிவிட்டான். டிஸ்சார்ஜ் அன்று உங்கள் பக்கத்துக் காட்டுச் சடையன்தான் கூட இருந்தார் என்று கேள்விப்பட்டேன். டாக்டர் என்ன சொன்னார், என்ன கொடுத்தார் என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள்.

போனில் சொல்லிவிட்டேனே என்பீர்கள். என் காது முழுக்க அடைத்த பிறகு, போனில் நீங்கள் பேசுவதை டயானா கேட்டு எனக்குத் தாளில் எழுதிக் காட்டுகிறாள். நீங்கள் பத்து நிமிஷம் பேசினீர்களாம். அவள் எழுதியது ஒரே வரி: "உங்கண்ணன் நல்லாகீறாராம் அத்தே." அந்த மலையிலும் சர்ச் மேட்டில் ஏறி நின்றால்தானே உங்களுக்கு டவர். மூச்சு வாங்க மேடேற வேண்டாம். எழுதுங்கள், எனக்கு அதுதான் காது.

கடவுள் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும்.

தங்கை,
ஆனந்தமேரி


வெள்ளிமலை
24.6.2025

அன்புத் தங்கை மேரிக்கு,

அண்ணன் சூசை எழுதுவது. நான் நலம். உங்கள் நலத்துக்கு மன்றாடுகிறேன். கடிதத் தலைப்பில் 'சேசு மரி சூசை துணை' என்று போடுகிறாய். முதல் இரண்டு பேரை நம்பு. மூன்றாவது ஆள் இப்போது மாடிப்படி ஏறவே யோசிக்கிறான்.

ஒன்றுவிடாமல் எழுதச் சொன்னாய். கிளம்பும்போது கையில் கொடுத்தவை இவை: இங்கிலீஷில் அடித்த தாள். காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை என்று பேனாவால் படம் போட்ட கவர்களில் மாத்திரை. என் படம் போட்ட ஆஸ்பத்திரி பாஸ். கடைசியாக, அட்டை.

கவுண்டரில் இருந்த பெண் மிகவும் பொறுமையாகச் சொன்னாள். "தாத்தா, கவர்ல கீற மாத்திரைய வேளா வேளைக்குப் போட்டுக்கோங்க. அட்டைய பத்திரமா வச்சிக்கோங்க. சும்மா சும்மா எடுக்கக் கூடாது. நெஞ்சு வலி, ஆபத்துன்னா மட்டும் எடுங்க. அஞ்சு லட்சம் ரூபா இதுல கீது. வருஷம் முச்சூடும் வரணும், சரியா?"

சடையன் வாயைப் பிளந்தான். "இன்னாது, அஞ்சு லட்சமா! என் மொத்தக் காட்டையும் வித்தாலும் அவ்ளோ வராதே. அண்ணே, அத எங்கிட்ட குடு, பஸ்ஸுல எவனாவது அடிச்சிக்கினு பூடுவான்" என்று வாங்கித் தன் மடியில் முடிந்துகொண்டான். வெள்ளிமலை வரும் வரை மடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

இப்போது பிஸ்கட் டப்பாவில் வைத்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். உன் அண்ணி போன பிறகு இந்த வீட்டில் பூட்டி வைக்கும்படி ஒரு பொருள் வந்தது இப்போதுதான்.

எல்லோருக்கும் என் ஆசீர்.

சூசை


சேசு மரி சூசை துணை

களமருதூர்
5.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் கடிதம் கண்டு இரவு நன்றாகத் தூங்கினேன். மூன்றாவது ஆளையும் சேர்த்துத்தான் நம்புகிறேன், தலைப்பை மாற்ற மாட்டேன்.

எழுபது வயது தாண்டியவர்களுக்குத் தனியாக அட்டை என்று சொன்னபோது நான் நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு ரூபாய் கேட்காமல் அனுப்பினார்களே, அந்த அட்டை செய்த புண்ணியம். மலையில் ஈரம் ஜாஸ்தி. பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு வையுங்கள். ரேஷன் அட்டையைக் கரையானுக்குக் கொடுத்துவிட்டுத் தாலுகா ஆபீசுக்கு நடந்த ஆள் நீங்கள். இதையும் அப்படி விட்டுவிடாதீர்கள்.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. புதுச் செருப்பு காலைக் கடித்துவிட்டது, அவ்வளவுதான். சர்க்கரை மாத்திரையை மாதாமாதம் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அந்தக் குறை இல்லை.

கவர் மாத்திரை எத்தனை நாளைக்கு வரும்?

ஆண்டவர் காக்கட்டும்.

ஆனந்தமேரி


வெள்ளிமலை
21.7.2025

அன்புத் தங்கை மேரிக்கு,

நலம், நலமே விளைக.

நீ சொன்னபடி அட்டையைப் பிளாஸ்டிக்கில் சுற்றிவிட்டேன். கவர் மாத்திரைகள் பதினைந்து நாளுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். ஒரு வேளை தவறாமல் போட்டு முடித்தேன். இனி அட்டைதான் துணை. அதையும் தொடும்படி கடவுள் வைக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

சாமை விதைத்துவிட்டேன். மேட்டுக் காட்டுக்குப் போகிற வழியில் ஒரு பாறை இருக்கிறது. அதன்மேல் உட்கார்ந்து காற்று வாங்கிவிட்டுப் போகிறேன். ஹாஸ்டலில் பிள்ளைகளுக்குச் சமைத்த காலத்தில் உட்கார ஏது நேரம்? அந்தப் பாறை அங்கே இருப்பதே இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிறது.

சடையன் கேலி செய்கிறான். "அண்ணே, அஞ்சு லட்சத்த வூட்ல வச்சிக்கினு நீ இன்னாத்துக்குக் களை வெட்டுற?"

செருப்பை மாற்று.

சூசை


சேசு மரி சூசை துணை

களமருதூர்
2.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். உங்கள் கடிதம் படித்ததிலிருந்து மனசு நிலையில் இல்லை. மாத்திரை முடிந்தது, இனி அட்டைதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அட்டை இருந்தால் மாத்திரை வேண்டாம் என்று யார் சொன்னது?

டயானாவை இழுத்துக்கொண்டு உளுந்தூர்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போய், காப்பீட்டு மேசையில் இருந்த தம்பியைக் கேட்டேன். அவர் சொன்னதை டயானா எழுதி வாங்கினாள். அதைத் தெளிவாக எழுதுகிறேன், இரண்டு முறை படியுங்கள்.

அட்டை வேறு, அன்றாட மாத்திரை வேறு. அட்டை என்பது ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர்ந்தால் மட்டும். வீட்டுக்கு வந்தபின் பதினைந்து நாள் மருந்து வரைக்கும்தான் அந்தக் கணக்கு. அதற்குமேல் தினமும் சாப்பிடுவதற்கு அட்டையைத் தொடவே முடியாது. அதை ஆபத்துக்கென்று ஒதுக்கி வைத்துவிட வேண்டியதுதான். அன்றாட மாத்திரையைக் கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியில் மாதாமாதம் இலவசமாக வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த இங்கிலீஷ் தாளைக் காட்டினால் போதும்.

ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் கட்டாமலிருக்கும் மாத்திரையை நிறுத்தவே கூடாதாம். "நிறுத்துனா வச்ச கம்பியே அடைச்சிக்கும்மா" என்றாராம். டயானா அதை எழுதிக் காட்டியபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இந்த வாரமே கீழே இறங்குங்கள். பதில் உடனே போடுங்கள்.

ஆனந்தமேரி


வெள்ளிமலை
9.9.2025

அன்புத் தங்கை மேரிக்கு,

நலம். பதில் தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. களை, அப்புறம் மழை, அப்புறம் கொஞ்சம் அசதி.

நீ விளக்கி எழுதியது பெரிய உதவியாக இருந்தது. உண்மையைச் சொன்னால், போன மாதம் ஒரு நாள் நானே கொஞ்சம் ஆடிப்போய்விட்டேன். பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக்கைப் பிரித்து, அட்டையைக் கையில்கூட எடுத்துவிட்டேன். அப்போது உன் கடிதம் நினைவுக்கு வந்தது. அடிக்கோடு போட்டிருந்தாயே, தொடவே முடியாது என்று. இதெல்லாம் ஒரு ஆபத்தா என்று என்னையே கேட்டுக்கொண்டு திரும்ப வைத்துவிட்டேன். படுத்திருந்தேன், சரியாகிவிட்டது.

கள்ளக்குறிச்சிக்குச் சாமை அறுத்ததும் போகிறேன். பஸ்ஸில் அந்த வளைவுகளில் இறங்கி ஏறினால் இரண்டு நாள் எழுந்திருக்க முடிவதில்லை. கதிர் பிடித்திருக்கிறது. இப்போது விட்டால் மயிலும் பன்றியும்தான் அறுக்கும்.

டயானாவுக்கு ஏதாவது விசேஷம் உண்டா?

சூசை


சேசு மரி சூசை துணை

களமருதூர்
20.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நலம். அங்கே நலமில்லை என்று தெரிகிறது.

ஆடிப்போய்விட்டேன் என்றால் என்ன? வலியா, மயக்கமா? வேர்த்ததா? இடது கை வலித்ததா? இந்த வயதுவரை தலைவலி என்று ஒரு வார்த்தை நீங்கள் சொல்லி நான் கேட்டதில்லை. நீங்கள் 'கொஞ்சம்' என்று எழுதினால் நான் அதை 'நிறைய' என்றுதான் படிக்கிறேன். அன்றைக்கு அட்டையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்க வேண்டும். அதை ஏன் திரும்ப வைத்தீர்கள்? இதற்குத்தானே அட்டை!

கடிதம் கண்ட அன்றே டயானாவைப் போன் போடச் சொன்னேன். நாலு நாள் கழித்துத்தான் கிடைத்தீர்கள். அவள் எழுதிக் காட்டியது: "அட்டை பத்திரமா கீதாம். கவலப்படாதீங்கன்னாரு." "அட்டையக் கேக்கலடி, மாத்திரையக் கேளு" என்று கத்தினேன். "கேட்டேன் அத்தே. அட்டைய இன்னும் தொடவே இல்லியாம், அவ்ளோ நல்லாகீறாராம்" என்று எழுதினாள். அதற்குள் டவர் போய்விட்டது.

ஐப்பசி மழைக்குமுன் இறங்குங்கள். மண் சரிந்தால் பாதை அடைத்துவிடும்.

நான் இப்போது பூசைக்குப் போவதில்லை. வீட்டிலேயே உங்களுக்காகச் செபமாலை சொல்கிறேன்.

ஆனந்தமேரி


வெள்ளிமலை
11.10.2025

அன்புத் தங்கை மேரிக்கு,

நலம் என்றே வைத்துக்கொள். எழுத்து கோணலாக இருந்தால் பேனாமேல் பழி போடாதே. விரல் கொஞ்சம் மரத்துப்போகிறது.

ஒரு வருத்தமான சேதி. அட்டையில் எலி வாய் வைத்துவிட்டது. டிரங்குப் பெட்டியின் மூலை துருப்பிடித்து ஓட்டையாக இருந்ததை நான் பார்க்கவில்லை. பிஸ்கட் டப்பா மூடியும் சரியாகப் பொருந்தவில்லை. பிளாஸ்டிக்கைக் கடித்து, அட்டையின் ஓரத்தையும் கடித்துவிட்டது. இரண்டு போய்விட்டது. பதிமூன்று இருக்கிறது. இரண்டும் சேர்ந்து எத்தனை ஆயிரம் ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

சடையன் சொன்னான்: "அந்த எலி இனி நூறு வருஷம் சாவாது அண்ணே. அஞ்சு லட்சத்துல பங்கு துன்னுகீது."

சுவரில் எலி வந்த பொந்தை, ஆஸ்பத்திரியில் கொடுத்தார்களே என் படம் போட்ட பாஸ், அதை வைத்து மண் பூசி அடைத்துவிட்டேன். அளவாகப் பொருந்தியது. என் முகம் பாதி தெரிகிறது. எலி பார்த்துப் பயந்து ஓடட்டும்.

அறுப்புக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. பாறையில் இப்போது இரண்டு தடவை உட்கார்கிறேன். ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று.

சூசை


களமருதூர்
18.10.2025

அண்ணா,

இதை ராபின் கையில் கொடுத்தனுப்புகிறேன். சடையன் தம்பி முதலில் பார்த்தால் உடனே உங்களுக்குப் படித்துக் காட்டட்டும்.

நீங்கள் பெட்டியில் வைத்திருப்பது அட்டை அல்ல. அது மாத்திரை. மாத்திரை அட்டை. பதினைந்து மாத்திரை இருந்த அட்டை. அதுதான் ரத்தம் கட்டாமலிருக்க நீங்கள் வீடு வந்த அன்றே போட்டிருக்க வேண்டிய மாத்திரை. கவருக்குள் அடங்கவில்லையோ, மறந்து கடைசியில் கையில் கொடுத்தார்களோ, தெரியாது. ஐந்து லட்சம் அதில் இல்லை. எலி தின்றது சில ரூபாய்.

அந்தப் பெண் பத்திரமாக வைக்கச் சொன்னது நீங்கள் சுவரில் அடைத்திருக்கும் பாஸை. அதுதான் காப்பீட்டு அட்டை.

மாதக்கணக்காக நாம் இரண்டு பேரும் இரண்டு அட்டையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம். தொடாதே என்று அடிக்கோடு போட்டு எழுதியவள் நான். உங்களுக்கு வலி வந்த நாளில் மாத்திரை உங்கள் கையில் இருந்திருக்கிறது. என் கடிதம்தான் அதைத் திரும்ப வைக்கச் சொல்லியிருக்கிறது. 'பதிமூன்று இருக்கிறது' என்று படித்ததும் எழுந்து நின்றேன். டயானா ஓடி வந்து பிடித்துக்கொண்டாள்.

கேளுங்கள். பயந்துபோய் பதிமூன்றையும் ஒன்றாக விழுங்கிவிடாதீர்கள். இப்போது எதை, எவ்வளவு போடுவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். அறுப்பை விடுங்கள். மயில் தின்னட்டும். ராபினுடன் ஜீப்பில் இறங்குங்கள். சுவரை இடித்து அந்தப் பாஸை எடுத்துக்கொள்ளுங்கள்.

டயானா போன் அடித்துக்கொண்டே இருக்கிறாள். கிடைக்கவில்லை என்று தலையை ஆட்டுகிறாள். இங்கேயே மழை கொட்டுகிறது. அங்கே பாதை எப்படி இருக்கிறதோ.

மேரி


வெள்ளிமலை
27.11.2025

அன்புத் தங்கை மேரிக்கு,

உயிரோடு இருக்கிறேன். ராபின் சொல்லியிருப்பான். ஆனாலும் என் கையால் எழுதினால்தான் நீ நம்புவாய்.

அவன் வந்தபோது நான் பாறைமேல் இருந்தேன். இறங்க முடியவில்லை. சடையன் என்னை முதுகில் தூக்கி வந்தான். வழியில் ஒரு இடத்தில் மண் சரிந்திருந்தது. ஜீப்பை நிறுத்திவிட்டு, பின்னால் போட்டு வந்த வீட்டுக் கட்டிலில் என்னைக் கிடத்தி, ராபினும் சடையனும் தூக்கிப்போய் அந்தப் பக்கம் நின்ற வேனில் ஏற்றினார்கள். மழையில் வானத்தைப் பார்த்துக்கொண்டு போனேன். பயந்தேன், மேரி. உன் அண்ணியைத் தூக்கிப் போனதும் அதே கட்டில்.

அதே ஆஸ்பத்திரி, அதே கவுண்டர், அதே பெண். "அட்டை கீதா தாத்தா?" என்றாள். என் கை தானாகச் சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து நீட்டியது. அவள் சிரித்தாள். ராபின் மண் ஒட்டிய பாஸைத் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டு, நடந்ததைச் சொன்னான். பிறகு அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் ஒரு அம்மாவுக்கு டிஸ்சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவைக் கூப்பிட்டு, "ஆயா, இது கார்டு. இது மாத்திர. இத உள்ள வையி, இத வாயில போடு" என்று கையில் தனித்தனியாகக் கொடுத்தாள்.

கம்பி அடைத்துக்கொண்டிருந்தது. இன்னொன்று வைத்தார்கள். இதயத்தின் ஒரு பக்கம் இனி முன்போல் அடிக்காதாம். காட்டுக்குப் போகக் கூடாது. கல்லறைத் திருநாளுக்கு உன் அண்ணிக்கு மெழுகுவத்தி ஏற்ற முடியவில்லை, வார்டில் இருந்தேன். எனக்கு யாரும் ஏற்ற வேண்டியதாகவில்லை, அந்த மட்டும் சரி.

சடையன் தினமும் காலையில் வேலியோரம் நின்று கத்துகிறான். "அண்ணே, இன்னிக்கு அட்டையத் தொட்டியா?" வாயைத் திறந்து காட்டினால்தான் நகர்கிறான்.

நீ உன்மேல் பழி போட்டு எழுதியிருந்தாய். அதை விடு. வலித்ததை 'ஆடிப்போனேன்' என்று எழுதியவன் நான். வலி என்று எழுதியிருந்தால் நீ அன்றே ராபினை அனுப்பியிருப்பாய்.

வேலையில்லாமல் படுத்திருப்பதால் உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். இன்னும் எதை நான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறேன் என்று பயம் வந்துவிட்டது. ஜூலையில் செருப்புக் கடித்தது என்று எழுதினாய். அதன்பின் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. செப்டம்பரில் பூசைக்குப் போவதில்லை என்கிறாய். கோயில் உன் தெருமுனையில் இருக்கிறது. காய்ச்சலோடும் போகிறவள் நீ. ராபினைக் கேட்டேன். "அம்மா வெளியவே வர்றதில்ல மாமா. வூட்லயும் சாக்ஸ் போட்டுக்கினுகீது, குளிருதாம்" என்றான். களமருதூரில் என்ன குளிர்?

நலம், நலம் என்று எல்லாக் கடிதத்திலும் எழுதியிருக்கிறாய். நானும்தான் எழுதினேன். என் நலம் என்னவென்று உனக்குத் தெரிந்துவிட்டது. உன்னுடையது என்ன?

சூசை


சேசு மரி சூசை துணை

களமருதூர்
5.12.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வழக்கம்போல் ஆரம்பித்து, அந்த வார்த்தை வந்ததும் பேனாவை வைத்துவிட்டேன். ஒரு நாள் முழுக்கத் தாள் அப்படியே கிடந்தது.

கால் ஆறவில்லை. சுண்டுவிரல் கறுத்துவிட்டது. வலி இல்லை. வலி இல்லாததுதான் பயமாக இருக்கிறது. மாத்திரை கொடுக்க வருகிற பெண் ஒவ்வொரு தடவையும் காலைக் காட்டச் சொல்லிச் சைகை செய்வாள். காது கேட்காதவள்தானே, புரியாத மாதிரி சிரித்து அனுப்பிவிடுவேன். எதிர்வீட்டு ராணியம்மாளுக்கு இப்படித்தான் ஒரு விரலில் ஆரம்பித்தது. முழங்காலோடு எடுத்தார்கள். அவள் வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் நான் சாக்ஸை இழுத்து விட்டுக்கொள்வேன்.

டயானாவுக்கு இன்னும் தெரியாது. முதலில் உங்களுக்கு எழுதிவிட்டால் பிறகு நான் பின்வாங்க முடியாது என்றுதான் இதை எழுதுகிறேன். எழுதி முடித்ததும் சாக்ஸைக் கழற்றிவிட்டு அவளைக் கூப்பிடுவேன். அவள் என்ன கத்தப்போகிறாளோ, நல்லவேளை எனக்குக் கேட்காது.

என் காப்பீட்டு அட்டை பீரோவில், கல்யாணப் புடவைக்கு அடியில், மூன்று கவருக்குள் இருந்தது. எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். பத்திரமாக இருந்தது போதும்.

தலைப்பில் உங்கள் பெயரை இந்த முறை கொஞ்சம் அழுத்தி எழுதியிருக்கிறேன்.

மேரி